பாணரும் பாணரும்: வரலாற்றுச் சொற்களை வாய்விட்டுப் படிப்பது எப்படி?

சங்க காலத்தில் யாழ் மீட்டிப் பாடியவர்கள் பாணர். கோலார், சித்தூர்ப் பக்கத்தில் ஆண்ட ஒரு குறுநில மரபுக்கும் பாணர் என்று பெயர். ஹர்ஷரின் அவையில் இருந்து அவருடைய வரலாற்றை வடமொழியில் எழுதிய புலவரும் பாணர்தான். தாளில் மூன்றும் ஒன்று. வாயில் அப்படி இல்லை. முதல் பாணருக்கு ‘பாட்டு’ என்ற சொல்லில் வரும் ப. மற்ற இரண்டு பேருக்கும் ‘அம்பு’ என்ற சொல்லில் வரும் ப.

மனத்துக்குள் படிக்கும்வரை இதெல்லாம் தெரிவதில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதோ, ஒலிப்பதிவுக்காக வாசிக்கும்போதோ, யாரிடமாவது ஒரு கல்வெட்டைப் பற்றிப் பேசும்போதோதான் நாக்கு தயங்கும். அப்போது நாம் கேட்பது, “இதற்குச் சரியான உச்சரிப்பு என்ன?” என்பது. அந்த ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இது எந்த மொழிச் சொல்? எந்தக் காலத்து ஒலியைத் தேடுகிறோம்? இன்று எந்தப் பகுதிக்காரர் வாயில் இருக்கிறது? மூன்றுக்கும் ஒரே விடை கிடைப்பது அபூர்வம். அதோடு, நாம் கொச்சை என்று ஒதுக்கும் வட்டார ஒலியில்தான் பல நேரம் பழைய ஒலி ஒளிந்திருக்கிறது. அதையும் பார்க்கப் போகிறோம்.

ஒரே எழுத்து, பல ஒலி

தமிழில் க, ச, ட, த, ப என்ற வல்லின எழுத்துகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுபவை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிந்து ஒலிக்கும்: கடல், பக்கம். மெல்லினத்துக்குப் பின் குரல்வளை அதிர ஒலிக்கும்: தங்கம், பந்து. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் தளர்ந்துவிடும்: அகம், மகன். இந்த விதியை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பேசப் பழகும்போதே வந்துவிட்டது. தமிழ்ச் சொல்லாக இருந்தால் இது போதும். வஞ்சி, பறம்பு, தகடூர், பட்டினப்பாலை எதிலும் தடுமாற்றம் வராது.

வடமொழி, பிராகிருதம், கன்னடம், பாரசீகம் வழியாக வந்த பெயர்களில்தான் விதி கைவிடுகிறது. அந்த மொழிகளில் அதிரும் ஒலி சொல்லின் முதலிலேயே வரும். அதைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லை. முதலாம் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பின் அமைத்த தலைநகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்டசோழபுரம் என்பதில் மூன்று க வரிசை எழுத்துகள் உள்ளன. முதல் க அதிரும், ஏனென்றால் அது கங்கை ஆற்றின் பெயர், வடமொழிச் சொல். இரண்டாவதும் அதிரும், அது தமிழ் விதிப்படியே, ங் என்ற மெல்லினத்துக்குப் பின் வருவதால். மூன்றாவது, ‘கொண்ட’ என்ற தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்து, வலிந்து ஒலிக்கும். மூன்று இடம், மூன்று காரணம்.

பாடப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து அதிகாரத்தில் வரும் குப்தரும் குஷாணரும் இன்னொரு எடுத்துக்காட்டு. குப்தருக்கு அதிரும் கு, குஷாணருக்கு வலிந்த கு. கர்நாடகத்தில் அக்கம்பக்கத்தில் ஆண்ட கங்கரும் கதம்பரும் இப்படித்தான்: கங்கர் அதிரும், கதம்பர் அதிராது. பல்லவ அரசன் தந்திவர்மனின் பெயரில் முதல் த, ‘பந்து’ என்பதில் வரும் த. ‘தந்தி’ என்றால் வடமொழியில் யானை. தந்தி அடிப்பது என்ற சொல்லோடு அதைச் சேர்த்து வாசித்தால் அரசர் கோபித்துக்கொள்ளமாட்டார், கேட்பவர் குழம்புவார்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இந்திய வரலாற்றுப் பெயர் எதுவானாலும் அதைத் தேவநாகரியிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எழுத்துமுறைகளில் க வரிசைக்கு மட்டும் நான்கு எழுத்துகள் உள்ளன: வலிந்தது, அதிர்வது, இரண்டுக்கும் மூச்சு சேர்ந்த வடிவங்கள். அந்த இருபது சொச்சம் எழுத்துகளை அடையாளம் காண மட்டும் கற்றுக்கொண்டாலே போதும். மொழி தெரிய வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தும் இந்த ஒரு விஷயத்தில் உதவும்; மற்ற விஷயங்களில் அது காலை வாரிவிடும், பின்னால் வருகிறேன்.

அதற்காக, அதிர வேண்டிய இடத்தில் வலித்துச் சொல்பவர்களைத் திருத்தக் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. வெளிச்சொல்லைத் தன் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது தமிழின் பழைய வழக்கம். நாம் பேசிய அந்தப் பாண மரபையே தமிழ்க் கல்வெட்டுகள் வாணர் என்று எழுதின. வாணகோவரையர் என்ற பட்டம் அப்படி வந்தது. ‘வர்மர்’ என்ற வடசொல் சோழர் கல்வெட்டில் ‘பன்மர்’ ஆனது. கல்தச்சருக்கும் அரச ஓலைகளைக் கவனித்த ஓலை நாயகத்துக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சோழர் பெயரை எத்தனை பேர் எப்படிக் கேட்டார்கள்

சோழர் என்பதில் முதல் எழுத்தை ‘அச்சம்’ என்பதில் வரும் ச போலச் சொல்வதா, ‘பசி’ என்பதில் வரும் ச போலச் சொல்வதா? தமிழ்நாட்டில் இரண்டு பழக்கமும் உண்டு. சமூகத்தையும் வட்டாரத்தையும் பொறுத்து மாறும். பழைய சான்று என்ன சொல்கிறது என்று கேட்டால் அசோகரிடம் போகலாம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பிராகிருதத்தில் வெட்டிய அவருடைய பாறைக் கட்டளைகளில், தெற்கே இருந்த அரசுகளின் பட்டியலில் இந்தப் பெயர் ‘சோட’ என்று வருகிறது. அங்கே முதல் எழுத்து, ‘அச்சம்’ என்பதில் வரும் வலிந்த ச-வுக்கு உரிய எழுத்து. தெலுங்கு நாட்டில் ஆண்ட சோழக் கிளையினரும் சோடர் என்றே அறியப்பட்டார்கள். ரேநாட்டுச் சோடர், வேலநாட்டுச் சோடர் என்று. ஆக, வலிந்த ச-வுக்குப் பழமை உண்டு. மெலிந்த ச தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் சொல்வது அதைத்தான்.

அசோகரின் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். ழ இருக்க வேண்டிய இடத்தில் ட நிற்கிறது. பிராகிருதத்தில் ழ கிடையாது. கேட்டவர் தம் மொழியில் மிக அருகில் இருந்த எழுத்தைப் போட்டார். அவருக்கு அது ட-வாகக் கேட்டது. பல நூற்றாண்டு கழித்து வந்த போர்த்துக்கீசியருக்கு ர-வாகக் கேட்டது. சோழமண்டலம் கோரமண்டல் ஆனது. இன்னும் சிலருக்கு ல-வாகக் கேட்டது. பழவேற்காடு புலிகாட் ஆனது. மூவரும் கேட்டது ஒரே ஒலி. நாக்கின் நுனியைப் பின்னோக்கி வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் காற்றை விடும் ஒலி. தொட்டிருந்தால் ள, உருட்டியிருந்தால் ர. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதால் ஆளுக்கொன்றாகக் கேட்டிருக்கிறது.

தமிழ் பேசுபவர்களிடமும் இதே பிரிவு உண்டு. தென்மாவட்டங்களில் பலர் பழத்தைப் ‘பளம்’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ள-தான். வடமாவட்டங்களின் பழைய பேச்சில் ‘பயம்’ என்று வரும். மலையாளம் ழ-வை அப்படியே வைத்திருக்கிறது. பழைய கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது. ஒலி போனதும் எழுத்தும் போயிற்று. ழ வராதவரைக் கேலி செய்யும் பழக்கம் நம்மிடம் அதிகம். ஒரு மொழிக் குடும்பம் முழுக்க, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, இந்த ஒலி ள-வாகவும் ட-வாகவும் ய-வாகவும் கரைந்துகொண்டே வந்திருக்கிறது என்று தெரிந்தால் கேலி கொஞ்சம் குறையும்.

ற: யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பாருங்கள்

வரலாற்றுச் சொற்களில் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் எது என்று கேட்டால் நான் ற-வைத்தான் காட்டுவேன். விழுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது என்பது கூடுதல் சுவாரசியம்.

வல்லின எழுத்துகள் க, ச, ட, த, ப, ற என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். முதல் ஐந்தும் காற்றை எங்காவது அடைத்து விடுவிக்கும் ஒலிகள். ஆறாவதை மட்டும் நாம் ர போல உருட்டுகிறோம். பிறகு அது எப்படி வல்லினம்? தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கு விடை வைத்திருக்கிறது. ‘அணரி நுனிநா அண்ணம் ஒற்ற’ ற-வும் ன-வும் பிறக்கும் என்கிறது ஒரு நூற்பா. ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ ர-வும் ழ-வும் பிறக்கும் என்கிறது அடுத்தது. நாக்கின் நுனி மேலே எழும்புவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ற-வுக்கு ஒற்ற வேண்டும், ர-வுக்கு வருட வேண்டும். ஒற்றுவது என்றால் அழுத்தி அடைப்பது. வருடுவது என்றால் தடவிக்கொண்டு போவது. இதை எழுதிய காலத்தில் ற உருளும் ஒலி இல்லை. அடைத்துத் திறக்கும் ஒலி.

த சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது. ட சொல்லும்போது பின்னால் வளைந்து அண்ணத்தின் நடுவுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையில், மேல்பல் வரிசைக்கு உள்பக்கம் இருக்கும் ஈற்று மேட்டில் நாக்கு நுனியை அழுத்தி எடுத்தால் வருவதுதான் அந்தப் பழைய ற. இங்கிலாந்துக்காரர் ‘டைம்’ என்று சொல்லும்போது அவருடைய நாக்கு தொடும் இடம் அது.

காலப்போக்கில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் தனியாக வரும் ற உருளத் தொடங்கியது. புறநானூறு என்று சொல்லும்போது இரண்டு ற-வும் உருளுகின்றன. அதில் இன்று வேறு வழி இல்லை. இரட்டித்த ற்ற-வில் மட்டும் பழைய ஒலி சில இடங்களில் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘வெற்றி’ என்று சொல்வதைக் கேளுங்கள். நடுவில் உருளல் இல்லை. அழுத்தி அடைத்துத் திறக்கும் ஒரே ஒலி. கேரளத்திலும் காற்று என்ற சொல்லில் அதே ஒலி. தமிழ்நாட்டில் பேச்சில் ‘காத்து’ என்று பல்லுக்குப் போய்விட்டது. மேடையில் வாசிக்கும்போது ‘வெட்ரி’ என்பதற்கு அருகே, ஓர் அடைப்பும் ஓர் உருளலுமாக இரண்டு ஒலியாகப் பிரிகிறது. நம் காதுக்கு அதுதான் செந்தமிழாகப் படுகிறது. தொல்காப்பியர் கணக்கில் யாழ்ப்பாணத்தார் சொல்வதே நெருக்கம்.

ஆங்கில எழுத்தில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது. வெற்றிவேல் என்ற பெயரை இலங்கைத் தமிழர் ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘டி’ என்ற எழுத்தை இரண்டு முறை போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘டி’யும் ‘ஆரு’ம் சேர்த்துப் போடுகிறோம். திருவொற்றியூருக்கு இரண்டு விதமாகவும் எழுதக் காணலாம். இன்னொரு விளைவு, ஈழத்து எழுத்துமுறையில் வரும் ‘ரொறன்ரோ’. தமிழ்நாட்டு வாசகர் அதைப் பார்த்துவிட்டு மூன்று முறை உருட்டிப் பார்ப்பார். கனடாவின் டொரொண்டோ நகரம்தான் அது. ஆங்கிலத்தின் அந்த ஈற்றுமேட்டு ஒலிக்கு நம்மவர் ட போட, அவர்கள் ர, ற போடுகிறார்கள். தொலைக்காட்சிக்கு ‘ரீவி’ என்று எழுதுவதும் இதனால்தான்.

சரி, கொற்றவை, கொற்கை, நற்றிணை, ஒற்றன் என்றெல்லாம் வரும்போது எப்படி வாசிப்பது? தமிழ்நாட்டுக் கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டு வழக்கம் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. சங்கப் பாடலை அந்தக் காலத்து ஒலியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஈழத்து ற்ற-வைப் பழகிக்கொள்ளுங்கள். ன்ற-வும் அப்படியே: குன்று, மன்றம் என்பவற்றில் ன் எந்த இடத்தில் நாக்கை வைத்ததோ அந்த இடத்திலேயே ற-வையும் அடைத்துத் திறக்க வேண்டும், உருட்டாமல்.

கல்லில் இருப்பதை வாசிக்கும்போது

கல்வெட்டுப் படிகளைப் பார்த்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு வகைத் தடை. பழைய எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணம் சொன்னாலும், கல்லிலும் ஓலையிலும் பெரும்பாலும் வைக்கவில்லை. குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி, நெடில் ஏ, ஓ இரண்டுக்கும் புள்ளி இல்லை என்பது தொல்காப்பிய வழக்கம். புள்ளியையே விட்டுவிட்டால் குறில் நெடில் வேறுபாடு காணாமல் போகிறது. இன்று நாம் எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். அதற்கு முந்தைய எழுத்தில் ‘தெவர’ என்று இருந்தால் தேவர் என்றும், ‘பெரெரி’ என்று இருந்தால் பேரேரி என்றும் நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அச்சான பதிப்புகளில் பதிப்பாசிரியர் இதைச் செய்து தந்திருப்பார். சில பதிப்புகள் கல்லில் உள்ளபடியே தரும். அவற்றை எழுத்துக்கு எழுத்து உச்சரித்து, அந்தக் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள் என்று நம்பிவிடக் கூடாது.

நீளமான பட்டப்பெயர்களுக்கு ஒரே மருந்து, பிரித்துப் பார்ப்பது. பிற்காலச் சோழர், பாண்டியர் ஆணைகளில் வரும் ‘கோனேரின்மைகொண்டான்’ முதன்முறை பார்ப்பவரை மிரட்டும். கோ, நேர், இன்மை, கொண்டான். நிகர் இல்லாத அரசன், அவ்வளவுதான். எங்கே மூச்சு விட வேண்டும் என்பது பிரித்ததும் தெரிந்துவிடுகிறது. ‘கோப்பரகேசரிபன்மர்’ என்பதும் இப்படியே: கோ, பரகேசரி, பன்மர்.

கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ போன்ற வடசொற்களைத் தமிழ் எழுத்துக்கு நடுவிலேயே கிரந்த எழுத்தில் வெட்டியிருப்பார்கள். ராஜராஜன் என்ற பெயரும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே ராஜராஜன் என்று ஜ போட்டுச் சொல்வது அந்தக் காலத்துக்கு ஒவ்வாத புதுப் பழக்கம் இல்லை. இராசராசன் என்பது தமிழ் மரபுக்கு வசப்படுத்திய வடிவம். ர-வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் முன்னால் இ சேர்ந்தது. இரண்டும் சரி. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதுதான் காதுக்கு இடறும்.

சொல்லின் கடைசியில் வரும் உகரத்தையும் ஐகாரத்தையும் பற்றி ஒரு வரி. அரசு, நாடு, கோட்டு என்பவற்றின் கடைசி உகரத்தை உதடு குவித்து முழுசாகச் சொல்ல வேண்டாம். அது குற்றியலுகரம், பாதி அளவுதான். மதுரை, தஞ்சை என்பவற்றின் ஐகாரமும் தனியாக ‘ஐ’ என்று சொல்லும் அளவுக்கு நீளாது. செய்தி வாசிப்பவர் சிலர் இவற்றை இழுத்து இழுத்துச் சொல்வது இலக்கணத்துக்கும் ஒவ்வாது, பேச்சுக்கும் ஒவ்வாது.

ஆங்கிலம் வழியாக வந்தவர்கள்

உலக வரலாற்றுப் பெயர்கள் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகின்றன. ஆங்கிலத்துக்கு அவை லத்தீன் வழியாக, லத்தீனுக்குக் கிரேக்கம் வழியாக வந்திருக்கும். பாரசீகப் பேரரசை நிறுவியவரை நாம் சைரஸ் என்கிறோம். பழைய பாரசீகத்தில் அவர் பெயர் கூருஷ். தமிழ் பைபிளில் அவரே கோரேசு, எபிரேயத்திலிருந்து வந்த வடிவம். சைரஸும் கோரேசும் ஒருவர்தான் என்று தெரியாமலே இரண்டையும் படித்தவர்கள் நிறைய. செர்க்ஸஸ் கதை இன்னும் வேடிக்கை: பாரசீகத்தில் க்ஷயார்ஷா, கிரேக்கர் வாயில் செர்க்ஸஸ், தமிழ் பைபிளில் அகாஸ்வேரு. சீசர் தம் காலத்து லத்தீனில் ‘கைசர்’ என்பதற்கு நெருக்கமாக அழைக்கப்பட்டிருப்பார். ஜெர்மானியரின் கைசர் பட்டம் அந்த ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இவற்றை மூல ஒலிக்குத் திருப்ப வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். சீசர், சைரஸ், அலெக்சாண்டர் எல்லாம் தமிழில் நிலைத்துவிட்ட பெயர்கள். பேச்சுக்கு நடுவில் திடீரென்று ‘கைசர்’ என்று ஒருவர் சொன்னால் வரலாற்றைவிட அவரைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

தமிழில் இன்னும் நிலைக்காத பெயர்களில் மூலத்தைத் தேடுவது பயன் தரும். சீனப் பெயர்கள் அப்படி. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த பயணியை யுவான் சுவாங் என்று படித்தோம். அது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதியது. சீன அரசு 1958-இல் ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையில் அவர் பெயர் ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்து ‘க்ஸுவான்’ என்று படிப்பது தவறு. அந்த முறையில் ‘எக்ஸ்’ என்பது ஸ, ஷ இரண்டுக்கும் நடுப்பட்ட ஒலி. ஷுவான்ட்ஸாங் என்பது இன்றைய பெய்ஜிங் ஒலிக்கு ஓரளவு அருகில் வரும். அதுவும் இன்றைய ஒலிதான். அவர் காலத்துச் சீனம் வேறு மாதிரி ஒலித்தது.

பிரெஞ்சுப் பெயர் என்றால் கடைசி மெய்யை விழுங்கிவிட வேண்டும் என்று பலருக்குத் தெரியும். லூயி என்பதில் கடைசி ஸ் ஒலிக்காது. 1919-இல் உடன்படிக்கை கையெழுத்தான இடம் வெர்சாய். பல தமிழ்ப் புத்தகங்கள் எழுத்தைப் பார்த்து வெர்செயில்ஸ் என்று எழுதின. ஆனால் இந்த விதியை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டாலும் ஆபத்து. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநரை நாம் டூப்ளே என்கிறோம், ஏதோ பிரெஞ்சு முறைப்படி சொல்வதாக நினைத்துக்கொண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரின் கடைசி மெய்யை விழுங்குவதில்லை. ‘டூப்ளெக்ஸ்’ என்பதற்கு அருகில் சொல்கிறார்கள்.

ஊருக்கு ஊர் மாறுவது நம்மிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் வெர்சாயின் அதே எழுத்துக்கூட்டலில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் ‘வெர்செயில்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே போய் வெர்சாய் என்றால் அதுதான் பிழை. லண்டன் ஆற்றை நாம் தேம்ஸ் என்று எழுதுகிறோம், லண்டன்காரர்கள் ‘டெம்ஸ்’ என்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அதே பெயர் கொண்ட ஆற்றை அங்குள்ளவர்கள் நாம் எழுதுவதற்கு நெருக்கமாகவே ஒலிக்கிறார்கள்.

ஆங்கிலேயர் காதும் நம் ஊர்ப் பெயர்களும்

ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைப் படிப்பவர்கள் எதிர்த்திசையில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் ‘கோல்ரூன்’ ஆற்றைக் கண்டு அப்படியே தமிழில் எழுதிவிட்டால் கொள்ளிடம் காணாமல் போய்விடும். ‘வாண்டிவாஷ்’ போர் 1760-இல் நடந்தது வந்தவாசியில். 1757-இல் நடந்த பிளாசிப் போரின் களம் வங்காளத்தில் பலாஷி என்ற ஊர். வங்காளிகள் தம் வழக்கப்படி அகரத்தை ஒகரமாக்கிப் ‘பொலாஷி’ என்பார்கள்.

ஆனால் இந்தத் திரிபுகளை வெறும் கொலையாகப் பார்க்க வேண்டாம். ஆங்கிலேயர் ஊர்க்காரர் வாயில் கேட்டதை எழுதியிருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் மதுரைக்கு ‘மதுரா’ என்று முடியும் எழுத்துக்கூட்டல், ‘மதுர’ என்ற பேச்சு வடிவம்தான். திருநெல்வேலிக்கு வரும் ‘தின்னவெலி’ போன்ற எழுத்துக்கூட்டலும் மக்கள் வாயில் சுருங்கிய வடிவமே. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. பேச்சுத் தமிழை அன்றைய புலவர்களும் எழுதி வைக்கவில்லை. அதனால் இந்த வெள்ளைக்கார எழுத்துக்கூட்டல்கள், 18-ஆம் நூற்றாண்டு மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு எதிர்பாராத சான்றாகிவிட்டன.

இவற்றைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தத் தமிழ்நாடு அரசு 2020-இல் முயன்றது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை ஜூனில் வெளிச்சத்துக்கு வந்தது. வேலூருக்குத் தந்த எழுத்துக்கூட்டலை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ‘வீலூர்’ என்றுதான் படிப்பார். கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலத்தில் குறில் நெடிலையோ, ல, ள, ழ வேறுபாட்டையோ காட்ட எழுத்து கிடையாது. எத்தனை எழுத்தைக் கூட்டினாலும் ஏதோ ஒன்று நழுவும்.

ஆய்வாளர்கள் அதற்காகவே தனிக் குறிகள் வைத்திருக்கிறார்கள். ‘எல்’ எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் ள, கோடு இருந்தால் ழ. ‘ஆர்’ கீழே கோடு இருந்தால் ற, ‘என்’ கீழே கோடு இருந்தால் ன. உயிரெழுத்தின் மேலே கோடு இருந்தால் நெடில். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் இந்தக் குறிகளோடு கூடிய ரோமன் வடிவம் உண்டு. வடசொல்லாக இருந்தால் மூல வடிவத்தையும் தந்திருப்பார்கள். அதைப் பார்த்தால் எழுத்து அதிருமா, வலியுமா என்பது தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஃபோர்வோ போன்ற தளங்களில் அந்தந்த மொழிக்காரர்கள் பதிந்து வைத்த ஒலியைக் கேட்கலாம். கேட்கும்போது பதிந்தவர் எந்த நாட்டவர் என்பதையும் பாருங்கள்.

சத்தமாக வாசிக்கப்போகும் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்வதும் நல்ல பழக்கம். அதிர வேண்டிய முதலெழுத்துக்குக் கீழே ஒரு கோடு, நீண்ட பட்டப்பெயரில் மூச்சு விடும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, இவ்வளவு போதும். பழகிப் பார்க்க இந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: கதம்பர், கங்கர், குப்தர், பல்லவர், குஷாணர், போஜர். கோடு விழ வேண்டியது இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது பெயர்களின் முதலெழுத்தில்.